பணிச்சூழலியலார் தகுதி: கல்வியும் சான்றும்

மருத்துவத் தொழில் செய்ய மருத்துவ மன்றத்தின் பதிவும், நீதிமன்றத்தில் வழக்காட வழக்கறிஞர் மன்றத்தின் பதிவும் கட்டாயம் என்பதை எவரும் அறிவர். வேலையையும் கருவியையும் வேலையிடத்தையும் மனிதரின் உடலுக்கும் அறிவுக்கும் பொருந்துமாறு வடிவமைக்கும் துறையாகிய பணிச்சூழலியலுக்கு அத்தகைய வேலி உலகின் பெரும்பாலான நாடுகளில் இல்லை. முதுகுவலி வராத நாற்காலி என்று விளம்பரம் செய்யும் கடைக்காரரும், இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்றுவந்து சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியவரும், விமானி அறையின் அமைப்பைப் பல்லாண்டு ஆராய்ந்தவரும் ஒரே பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. ஒருவரைப் பணிச்சூழலியலார் என்று ஏற்பதற்கு எது அளவுகோல், அதை வகுப்பவர் யார், அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பனவே இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட கேள்விகள்.

இத்துறை ஒரே அறிவுத்துறையிலிருந்து கிளைத்ததன்று என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘எர்கனாமிக்ஸ்’ என்ற பெயரைப் போலந்து அறிஞர் வோய்செக் யஸ்ட்செம்போவ்ஸ்கி 1857-லேயே தம் கட்டுரையொன்றில் ஆண்டிருந்தபோதிலும், அது வழக்கொழிந்து கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-இல், பிரிட்டனில் ஹைவெல் மரல் என்பவரும் அவரோடு சேர்ந்த உடற்கூற்றியலார், உடலியங்கியலார், உளவியலார், பொறியாளர் ஆகியோரும் தங்களுக்கென ஓர் ஆய்வுக் கழகம் அமைத்தபோது அப்பெயர் நிலைபெற்றது. அமெரிக்காவில் 1957-இல் அமைந்த கழகம் ‘மனிதக் காரணிகள்’ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டது. 1992-இல்தான் அது இரு பெயர்களையும் சேர்த்துச் சூடிக்கொண்டது. ஐரோப்பாவில் தசை, மூச்சு, இதயத்துடிப்பு என்று உடலுழைப்பை அளந்தவர்களின் செல்வாக்கு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் காண்பது, கேட்பது, முடிவெடுப்பது ஆகியவற்றை ஆராய்ந்த உளவியலார் முன்னின்றனர். ஆகவே இத்துறைக்கு வருவோர் இன்றும் வெவ்வேறு பட்டங்களோடு வெவ்வேறு வாசல்கள் வழியாகவே வருகின்றனர்.

அவர்களைப் பிணைத்தது ஒரு கொள்கை. அதன் உருவத்தை அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலார் 1940களில் அமெரிக்க வான்படை ஆய்வகத்தில் செய்த வேலையில் காணலாம். தரையிறங்கிய பின் சில வகை விமானங்களில் விமானிகள் இறக்கை மடிப்பை உயர்த்துவதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளிழுத்துவிட, விமானம் வயிறு தேய ஓடுபாதையில் விழுந்துகொண்டிருந்தது. விசாரணைக் குறிப்புகள் அதை ‘விமானியின் பிழை’ என்று எழுதி முடித்தன. பி-17 முதலிய விமானங்களில் இவ்விரு இயக்கங்களுக்கும் உரிய விசைகள் அருகருகே, ஒரே வடிவில் இருந்ததையும், அவ்வாறு அமையாத சி-47 விமானத்தில் அப்பிழை நேராததையும் சபானிஸ் கவனித்தார். சக்கர விசையின் முனையில் ரப்பர் விளிம்புடைய சிறு சக்கரத்தையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும், கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை உணர்ந்தது, அப்பிழை மறைந்தது. விமானிகளுக்கு மறுபயிற்சியோ எச்சரிக்கைச் சுற்றறிக்கையோ தேவைப்படவில்லை. தவறு செய்தவரைத் திருத்துவதற்கு முன் தவறுக்கு இடங்கொடுத்த அமைப்பைத் திருத்துவது என்ற இக்கொள்கையைக் கைக்கொள்ளாதவர், எத்தனை அளவைக் கருவிகளைக் கையாளத் தெரிந்தவராயினும், பணிச்சூழலியலார் ஆகார். தகுதியை அளக்கும் எந்த முறையும் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவின் நிலைப்பாடு.

தகுதி பற்றிய கேள்வி பொதுமக்களின் கேள்வியாக மாறியதற்கு 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து பெருங்காரணம். குளிர்விக்கும் நீர் வெளியேறும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் பலகையில் இருந்த விளக்கு, வால்வு மூடிக்கொண்டதா என்பதை அன்றி, மூடிக்கொள்ளும்படி ஆணை சென்றதா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்ததைக் கண்ட ஊழியர்கள் வால்வு மூடிவிட்டதாகக் கொண்டனர்; இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒரே நேரத்தில் ஒலித்தும் மின்னியும் எது முதன்மையானது என்று அறியவொட்டாமல் செய்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைகளை ஆராய்ந்தவர்கள், அச்சில் வார்த்தாற்போன்ற இரு கைப்பிடிகளைப் பிரித்தறிய ஊழியர்களே மதுக்கடைப் பீர் குழாய்களின் கைப்பிடிகளை அவற்றின்மேல் மாட்டிவைத்திருந்ததைப் படமெடுத்துக் காட்டியிருந்தனர். சபானிஸ் செய்ததை அவ்வூழியர்கள் தாமாகவே செய்துகொண்டார்கள். வடிவமைத்தவர்களுக்குத்தான் அது தோன்றவில்லை.

விபத்துக்குப் பின் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாட்டு அறைகளை மனிதக் காரணிகளின் நோக்கில் மீளாய்வு செய்யப் பணித்து, 1981-இல் அதற்கான விரிவான வழிகாட்டியையும் வெளியிட்டது. அத்தகைய வேலைகளுக்கு வல்லுநர் தேவை பெருகியபோது, வல்லுநர் என்று வந்து நிற்பவர் உண்மையில் வல்லுநர்தாமா என்பதை வேலை கொடுப்பவர் எதைக்கொண்டு அறிவது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

இவ்விடத்தில் இரண்டு ஏற்பாடுகளைப் பிரித்துக் காண்பது தேவை. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஒன்று, அதன் ஆசிரியர், ஆய்வகம், தேர்வுமுறை ஆகியவற்றோடு தகுந்த தரத்தில் உள்ளது என்று வெளி அமைப்பொன்று ஆராய்ந்து ஏற்பது அங்கீகாரம். தனி மனிதர் ஒருவர் கற்றதையும் செய்ததையும் ஆராய்ந்து அவர் தொழில் செய்யத் தக்கவர் என்று உறுதி கூறுவது தகுதிச்சான்று. அங்கீகாரம் பெற்ற பாடத்தில் தேறியவர் இன்னும் தகுதிச்சான்றுக்கு உரியவர் ஆகிவிடுவதில்லை; இடையில் சில ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே, குறுகிய காலப் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் தாங்கள் தரும் வருகைச் சீட்டையும் தகுதிச்சான்று என்ற பெயரில் விற்க முடிகிறது.

அமெரிக்காவில் 1990-இல் நிறுவப்பட்ட தொழில்முறைப் பணிச்சூழலியல் சான்றளிப்பு வாரியம், பணிச்சூழலியலில் தகுந்த பல்கலைக்கழகக் கல்வி, மூன்றாண்டு முழுநேரத் தொழில் அனுபவம், செய்த பணிகளுக்கான சான்றுகள், எழுத்துத் தேர்வு ஆகியவற்றைக் கேட்கிறது. ஐரோப்பாவில் பல நாட்டுக் கழகங்கள் கூடி 1992-இல் அமைத்த பதிவு மையம் தேர்வு வைப்பதில்லை. பல்கலைக்கழகக் கல்வியில் ஓராண்டு அளவேனும் பணிச்சூழலியலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததா, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றாரா, அதன்பின் தாமே பொறுப்பேற்றுத் தொழில் செய்தாரா என்று ஆவணங்களை ஆராய்ந்து பட்டம் வழங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டுக் கழகத்தின் வழிவந்த நிறுவனத்துக்கு 2014-இல் அரச சாசனம் கிடைத்தது. அதன் பயனாக ‘சாசனம் பெற்ற பணிச்சூழலியலார்’ என்ற பட்டத்தைத் தகுதியற்றவர் சூடிக்கொள்ள முடியாது என்ற காப்பு ஏற்பட்டது. வெறும் ‘பணிச்சூழலியலார்’ என்ற பெயருக்கு அங்கும் காப்பில்லை. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளும் இவற்றை ஒட்டிய முறைகளைக் கொண்டுள்ளன. 1959-இல் அமைந்த பன்னாட்டுப் பணிச்சூழலியல் சங்கம் தனி மனிதர்க்குச் சான்று வழங்குவதில்லை. சான்று வழங்கும் நாட்டு அமைப்புகள் முறையாக இயங்குகின்றனவா என்று பார்த்து ஒப்புதல் தருவதோடு, ஒரு பணிச்சூழலியலாருக்கு இருக்க வேண்டிய அடிப்படைத் திறன்கள் இவை என்று 2001-இல் ஒரு பட்டியல் வெளியிட்டு, 2021-இல் அதைத் திருத்தியது.

இவ்வளவு கேட்பதில் எது உண்மையான அளவுகோல்? பட்டம் கற்ற பாடத்தைக் காட்டும். எழுத்துத் தேர்வு நினைவாற்றலையும் ஓரளவு பகுத்தறியும் ஆற்றலையும் காட்டும். விண்ணப்பிப்பவர் தாம் எடுத்துக்கொண்ட ஒரு வேலையை எவ்வாறு ஆராய்ந்தார், எதை மாற்றினார், மாற்றியபின் விளைவை எவ்வாறு சோதித்தார் என்று எழுதித் தரும் பணிமாதிரிதான் அவருடைய தீர்ப்புத் திறனைக் காட்டும். இந்த மூன்றாவது, திருத்துபவருக்கு மிகுந்த உழைப்பைத் தருவது; பல விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் தேர்வைக் கணினியே திருத்திவிடும் காலத்தில், பணிமாதிரியைப் படித்துப் பார்க்க இரண்டு மூத்தவர்கள் பல மணி நேரம் செலவிட வேண்டியிருக்கிறது. அதனாலேயே அது குறுக்கப்படும் ஆபத்தும் மிகுதி. குறுக்கினால் என்ன இழப்பு நேரும் என்பதை, இத்துறையில் மிகுதியும் கையாளப்படும் ஒரு வாய்பாட்டைக் கொண்டு காட்டலாம்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சுமைதூக்கல் வாய்பாடு, மிக ஏற்ற நிலையில் ஒருவர் இரு கைகளாலும் தூக்கத்தக்க எடையை 23 கிலோ என்று வைத்துக்கொண்டு, நிலை மோசமாகும் அளவுக்கு அதைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. சுமை உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவாகிறது. கைகள் தரைமட்டத்திலிருந்து தூக்கத் தொடங்கினால் அது 8.9 ஆகிறது; அங்கிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டுமெனில் 7.8, தூக்கும்போதே இடுப்பை 45 பாகை திருப்பவும் நேர்ந்தால் 6.7. எத்தனை முறை தூக்குகிறார், பிடிக்க வசதி உண்டா என்பவற்றைக் கணக்கில் கொண்டால் இன்னும் குறையும். இந்தியாவில் சிமென்ட் மூட்டை 50 கிலோ. அது இவ்வரம்பைப் போல் ஏழு மடங்குக்கு மேல். இரண்டு நாள் பயிற்சியில் இதுவரை கற்றுவிடலாம். கைப்பேசிச் செயலியில் ஆறு எண்களை இட்டால் விடை வந்துவிடும். அறிக்கையில் சிவப்பு வண்ணத்தில் அச்சிட்டுத் தொழிற்சாலை மேலாளரிடம் கொடுக்கவும் செய்யலாம்.

ஆனால் அவ்வாய்பாட்டைச் செய்தவர்களே அதன் எல்லைகளையும் எழுதிவைத்தனர். ஒற்றைக் கையால் தூக்குவதற்கும், உட்கார்ந்தோ மண்டியிட்டோ தூக்குவதற்கும், நிலையற்ற சுமைக்கும் அது பொருந்தாது. சுமந்துகொண்டு நடப்பதை அது பெரிதும் கணக்கில் கொள்வதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 19 முதல் 26 பாகை செல்சியஸ் வரை உள்ள இடத்துக்கே அது உரியது. சென்னையின் பகல்நேர உச்ச வெப்பநிலை தை மாதத்தில்கூட இயல்பாக அந்த வரம்பைத் தாண்டிவிடும். இங்குள்ள கிடங்கிலும் சந்தையிலும் சுமைதூக்கும் தொழிலாளி மூட்டையைத் தரையிலிருந்து தாமே தூக்குவதைக் காட்டிலும், இன்னொருவர் கைகொடுக்கத் தலையிலோ முதுகிலோ ஏற்றிக்கொண்டு, லாரியின் சாய்பலகையில் ஏறி நடப்பதே மிகுதி. அந்த வேலையைப் பற்றி இவ்வாய்பாடு மௌனம் சாதிக்கிறது. வாய்பாட்டை இயக்கத் தெரிந்தவர் அங்கும் தசமப் புள்ளியோடு ஒரு விடையைத் தருவார். தகுதியுடையவர் அது விடையன்று என்பதை அறிவார்.

அறிந்தபின் அவர் என்ன செய்வார்? மூட்டையின் எடையைக் குறைப்பது இயல்பான வழி. பிரிட்டனில் சிமென்ட் 25 கிலோ பைகளில் வருவது வழக்கமாகிவிட்டது. எனினும் எடைக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கு மூட்டை பாதியானால், கூலி விகிதத்தைத் திருத்தாதவரை, அதே வருவாய்க்கு நடையும் படியேற்றமும் இரட்டிக்கும் அல்லது வருவாய் சரிபாதியாகும். ஆகவே முதுகெலும்பின் மீது விழும் பளுவைக் குறைக்கப் போனவர் கூலி முறையைப் பற்றியும் பேச வேண்டியவராகிறார். பன்னாட்டுச் சங்கம் 2000-இல் இத்துறையை வரையறுத்தபோது உடல்சார், அறிதல்சார், நிறுவனம்சார் என மூன்று பிரிவுகளைக் குறித்தது; மூன்றாவது பிரிவு, அதாவது வேலை ஒழுங்கமைப்பும் கூலியும் முறைமாற்றமும் பற்றியது, பெரும்பாலான பாடத்திட்டங்களில் இறுதி அலகாக, பருவம் முடியும் அவசரத்தில் நடத்தப்படுவதாக ஒதுங்கிவிட்டது. மூட்டையின் எடுத்துக்காட்டில் அதுவே தலையாயது.

பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளின் கல்விமுறை இவ்வகையில் மாறுபட்டது. 1963-இல் அங்கு தனிக்கழகம் அமைந்தது; பாரிஸில் தொழிற்கல்வி நிறுவனமொன்றில் அலேன் விஸ்னர் வளர்த்த மரபு, மாணவரை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து வேலையிடத்தில் நிறுத்தியது. மேலாண்மை எழுதிவைத்த வேலை வேறு, தொழிலாளி உண்மையில் செய்யும் வேலை வேறு; இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் களைப்பும் பிழையும் திறமையும் பிறக்கின்றன என்பது அம்மரபின் அடிப்படை. ஒரு நாட்டில் செய்த இயந்திரத்தை வேறொரு நாட்டுக்குப் பெயர்க்கும்போது வெப்பம், உடலளவு, பேணும் வசதி, பயிற்சி மரபு ஆகியன மாறுவதால் அதே இயந்திரம் வேறு இயந்திரமாகிவிடுகிறது என்பதையும் விஸ்னர் தனிக் கிளையாகவே ஆராய்ந்தார். எண்களைப் பெரிதும் நம்பும் ஆங்கில மரபினர் இதை அறிவியலுக்குக் குறைந்ததாகக் கருதியதுண்டு. இறக்குமதி இயந்திரங்களோடு வாழும் நாடுகளுக்கு இதுவே அதிகம் பயன்படும் என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் பணிச்சூழலியல் மூன்று வாசல்கள் வழியே நுழைந்தது. கல்கத்தாவின் உடலியங்கியல் துறை, உழைப்பின்போது உடல் செலவிடும் ஆற்றலை அளக்கும் மரபைத் தந்தது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையமும் பொருள் வடிவமைப்பின் வழியே வந்தன. அகமதாபாத் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட, தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்தியர் உடலளவு நூல் அதுவரை மேலைநாட்டு அளவுகளை வைத்துக்கொண்டு மேசையும் படியும் செய்தவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. மூன்றாவது வாசல் பொறியியல் கல்லூரிகள். பலவற்றில் இது ‘வேலை ஆய்வும் பணிச்சூழலியலும்’ என்ற ஒரே தாளாக அமைந்தது. நேரத்தை எண்ணி வேலையைச் சுருக்குவதைக் கற்பிக்கும் பெரும்பகுதிக்குப் பின், அவ்வாறு சுருக்கப்பட்ட வேலையைச் செய்பவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன ஆகும் என்பது சிறுபகுதியாக வருகிறது. வரிசையை மாற்றியிருக்கலாம்.

இவற்றோடு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனமும், மும்பையின் மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை உள்ளிட்ட நகரங்களில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனங்களும் சேர்ந்தால், ஆசிரியரும் ஆய்வாளரும் இங்கு இல்லாமற்போகவில்லை என்பது புலனாகும். சட்டத்தில்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஊறு விளைக்கத்தக்க பளுவைத் தூக்கச் செய்யலாகாது என்று 34-ஆம் பிரிவிலும், நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44-ஆம் பிரிவிலும் வகுத்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றும் பின்னர்ச் சேர்த்தது. பணிச்சூழலியலார் வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. கேட்பார் இல்லாத தகுதிக்கு மூன்றாண்டு உழைத்துச் சான்று பெற மாணவர் தயங்குவது இயல்பே.

தகுதிச்சான்றுக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்றும் உண்டு. சான்று பெற்றவர் மட்டுமே பேசலாம் என்று வேலி கட்டினால், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எவர் செல்வார்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பன்னாட்டுப் பணிச்சூழலியல் சங்கமும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ‘பணிச்சூழலியல் சரிபார்ப்புக் குறிப்புகள்’ என்ற கையேடு இதற்கு விடையாகவே எழுந்தது. படங்களோடு கூடிய அக்கையேட்டைக் கொண்டு தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து தங்கள் பட்டறையைத் தாங்களே சுற்றிப்பார்த்து, செலவு குறைந்த மாற்றங்களை அன்றே தொடங்கலாம். இம்முறைக்கு முன்னோடியான ஜப்பானியர் கசுதகா கோகியின் அனுபவம் ஆசிய நாடுகள் பலவற்றில் பயன் தந்துள்ளது. இந்த வாதம் ஏற்கத்தக்கது. கைவண்டிக்குப் பெரிய சக்கரம் போடவோ, அடிக்கடி எடுக்கும் கருவியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கவோ சான்று பெற்ற வல்லுநர் தேவையில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும், மருத்துவமனையில் மருந்தேற்றும் கருவியின் திரைக்கும், தொடர்வண்டிச் சமிக்ஞைப் பலகைக்கும் அவர் தேவை. தகுதியைப் படிநிலையாக வகுத்து, எந்தப் படியினர் எந்த வேலைக்குப் பொறுப்பேற்கலாம் என்று தெளிவாக்குவதே முறை.

தமிழ்நாட்டில் அதற்குக் கைமேல் ஒரு வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. 2021-இல் இம்மாநிலச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, அவற்றின் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018-இல் இவ்வழியே சென்றிருந்தது. நாள் முழுதும் நின்றே துணி விரித்துக் காட்டும் பெண்களின் கால்வலியும் நரம்புச் சுருட்டலும் சட்டமன்றத்தின் காதுக்கு எட்டியது பெரிய செய்தி. ஆனால் இருக்கை போட்டவுடன் உட்கார முடிந்துவிடுவதில்லை. நின்று வேலை செய்வதற்காக இடுப்புக்கு மேல் உயர்த்திக் கட்டிய விற்பனை மேடைக்குப் பின்னே சாதாரண முக்காலியைப் போட்டால், உட்கார்ந்தவரின் தோள் மட்டத்தில் மேடை வரும். துணியை விரிக்கக் கை எழாது. உயரமான இருக்கையானால் பாதம் ஊன்றத் தாங்கி வேண்டும்; மேடைக்கு அடியில் முழங்கால் நுழைய இடைவெளி வேண்டும்; அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் புடவையை எடுக்க நிமிடத்துக்கொருமுறை எழ வேண்டியிருந்தால், அடுக்கும் முறையையும் மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று மேற்பார்வையாளர் முகம் சுளித்தால், எல்லா அளவும் சரியாக இருந்தும் இருக்கை காலியாகவே கிடக்கும்.

இவற்றில் ஒன்றையும் சட்டவாசகத்தால் எழுதிவிட முடியாது. வேலையைப் பார்த்து அளந்து, செய்பவரோடு பேசி, மாற்றிப் பார்த்து, மீண்டும் அளக்கத் தெரிந்தவர்கள்தாம் செய்ய முடியும். பொறியியல், வடிவமைப்பு, இயன்முறை மருத்துவம் ஆகியவற்றின் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்போர், பணிச்சூழலியல் தாளின் மதிப்பெண்களில் பாதியையேனும் களத்தில் செய்த பணிமாதிரிக்கு ஒதுக்க வேண்டும். முதல் பணிமாதிரிக்கு ஒரு துணிக்கடையின் விற்பனை மேடையையும், இரண்டாவதற்கு ஒரு கிடங்கின் சாய்பலகையையும் கொடுக்கலாம். அவற்றை மதிப்பிட, கடையில் நின்று வேலை செய்பவர் ஒருவரையும் தேர்வாளர் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.